ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பாடினால் யார் கேட்பது?

போன வாரம் இந்தப் பகுதியில் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ மூன்றாவது சீசனைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? ஊரே அழியப்போகிற நேரத்தில் டஸ்டின் என்கிற பொடியன், எங்கோ தூரத்தில் இருக்கும் காதலி சூஸியோடு ரேடியோவில் டூயட் பாடுவான். அந்தக் காட்சிக்கு நான் பரம ரசிகை. “யாருக்கும் தெரியாமல் ரகசியமாகப் பேசிக்கொள்ள உதவும் ஹாம் ரேடியோ” என்று ஒரு வரியையும் போகிறபோக்கில் தட்டிவிட்டிருந்தேன்.

கட்டுரை நன்றாகவே ஓடியது. மறுநாள் ஒரு மெயில் வந்தது. நாலே நாலு வரி.

“அம்மா, படித்தேன். நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் அந்தப் பாட்டு அப்படி நடக்கவே நடக்காது. ரகசியம் என்று எழுதியது அதைவிடத் தப்பு. நேரம் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன். 73.”

எழுபத்து மூன்று வயதுப் பெரியவர் கூப்பிடுகிறார், மறுக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை காலை தாம்பரம் பக்கம் கிளம்பிவிட்டேன். போய்ப் பார்த்தால் சாருக்கு 68 வயதுதான். ‘73’ என்பது ஹாம் ரேடியோக்காரர்கள் பேச்சை முடிக்கும்போது சொல்கிற ‘அன்பான வாழ்த்துகள்’. தந்தி அடித்த காலத்திலிருந்து வரும் சுருக்கெழுத்து. முதல் பந்திலேயே நான் அவுட்.

மொட்டைமாடிக்கு ஏறும் படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. மேஜை, இரண்டு ரேடியோ பெட்டிகள், சுவரில் உலக வரைபடம், ஒரு சுவர்க்கடிகாரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சுவர்க்கடிகாரம். ஒன்று நம்ம நேரம், இன்னொன்று ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிற உலகப் பொது நேரம். இந்த அறைக்கு ஹாம் பாஷையில் ‘ஷாக்’ என்று பெயராம், அதாவது குடிசை. காபியோடு வந்த ஆன்ட்டி வேறு பெயர் வைத்திருக்கிறார். “ரெண்டாவது பூஜை ரூம்மா இது. காலைல அந்த ரூமுக்குப் போறாரோ இல்லையோ, இங்க வந்துடுவார்.”

நான் ஆசையாக மைக்கைக் கையில் எடுத்தேன். சார் பதறிப்போய் வாங்கிவிட்டார்.

“நீங்க கேக்கலாம்மா, எவ்ளோ நேரம் வேணாலும் கேக்கலாம். பட்டனைத் தொடக் கூடாது. லைசென்ஸ் இல்ல.”

முதல் பாடம் இது. நம் ஊரில் மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகம் நடத்தும் தேர்வை எழுதி, பாஸ் செய்து, உரிமம் வாங்கியவர்தான் ஹாம். உரிமத்தோடு உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறியும் கிடைக்கும். இந்தியர்களுக்குப் பெரும்பாலும் ‘வி.யூ.2’, ‘வி.யூ.3’ என்று ஆரம்பிக்கும். ராஜீவ் காந்திகூட ஹாம்தான். அவர் குறி வி.யூ.2.ஆர்.ஜி. கமல்ஹாசனுக்கு வி.யூ.2.எச்.ஏ.எஸ். இந்தக் குறியைச் சொல்லாமல் பேசுவது சட்ட விரோதம். பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வாயையே திறக்க வேண்டும் என்று விதி இருக்கிற இடத்தில், ரகசியத்துக்கு எங்கே போவது? சங்கேத மொழியில் மறைத்துப் பேசவும் அனுமதி இல்லை. ரேடியோ வைத்திருக்கும் யாரும், எந்த நாட்டிலிருந்தும், ஒட்டுக்கேட்கலாம். ஒட்டுக்கேட்பது என்ற சொல்லே இங்கே பொருந்தாது. அது தெருமுனையில் நின்று உரக்கப் பேசுவது மாதிரி.

நான் எழுதிய அந்த ஒரு வரி தலைகீழ்த் தப்பு என்று அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் சார் அதைப் பற்றி உடனே பேசவில்லை. முதலில் டூயட்டுக்கு வந்தார்.

ஒரு நண்பரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் கரகரவென்று அவர் குரல் வந்தது. சார் பதில் சொல்ல மைக் பட்டனை அழுத்தினார். அந்த நொடியே ஸ்பீக்கர் செத்துப்போனது. பட்டனை விட்டதும் உயிர் வந்தது. “பாத்தீங்களா? நான் பேசும்போது என் காது மூடிடும். அவர் பேசும்போது என் வாய் மூடிடும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அமுக்கினா, ரெண்டு பேருமே பாடிக்கிட்டிருப்பாங்க, ஒருத்தர் பாடுறது இன்னொருத்தருக்குக் கேக்காது. மூணாவது ஆளுக்குக் கேக்கும். ஆனா பாட்டா இருக்காது, கூச்சலா இருக்கும்.”

இதனால்தான் ‘ஓவர்’ என்ற சொல்லே பிறந்தது. நான் முடித்துவிட்டேன், இனி உன் முறை என்று அர்த்தம். ‘அவுட்’ என்றால் பேச்சே முடிந்தது, பதில் வேண்டாம். இரண்டையும் சேர்த்து ‘ஓவர் அண்ட் அவுட்’ என்று சினிமா போலீஸ்காரர் மிடுக்காகச் சொல்கிறாரே, அது ‘உள்ளே வாங்க, வராதீங்க’ என்பது போலத்தான். ‘ரோஜர்’ என்பதும் ‘சரிங்க’ அல்ல, ‘நீ சொன்னது முழுசாகக் காதில் விழுந்தது’ என்று மட்டும்தான். காதில் விழுந்ததற்கும் சம்மதத்துக்கும் எவ்வளவு தூரம் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும் என்றார் சார். ஆன்ட்டி முறைத்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ முதல் சீசனில் இந்தச் சிறுவர்களே வாக்கி டாக்கியில் ‘ஓவர்’ சொல்லவில்லை என்று ஒருவரோடொருவர் சண்டை போடுவார்கள். விஷயம் தெரிந்த ஆட்கள்தான் எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது சீசனில் பாட்டு வந்ததும் மறந்துவிட்டார்கள்.

சார் அந்தக் காட்சியை எனக்காக மறுபடி பார்த்துவிட்டு ஒரு தாளில் குறிப்பு எடுத்து வைத்திருந்தார். முத்து முத்தான கையெழுத்து. அமெரிக்க விதிப்படி ஹாம் ரேடியோவில் பாட்டு ஒலிக்கவே கூடாது. டஸ்டின் இருப்பது இந்தியானாவில், அழைப்புக்குறியில் 9 வர வேண்டும். சூஸி யூட்டாவில், அவளுக்கு 7. இரண்டு பேரும் குறியை வாயால் சொல்லவே இல்லை. அப்புறம் அந்த மலை. டஸ்டின் நண்பர்களையெல்லாம் மூச்சிரைக்க மலை உச்சிக்கு ஏற்றி, அங்கே பெரிய ஆன்டெனா கோபுரம் கட்டுவான். மலை உச்சி உதவுவது, நேர்க்கோட்டில் போகிற அலைகளுக்கு. அது பக்கத்து ஊர்களுக்குத்தான் போகும். 2,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் யூட்டாவுக்குப் போக வேண்டுமென்றால், வானத்தில் அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகிற சிற்றலை வேண்டும். அதற்கு மலையேற்றம் தேவையில்லை. கொல்லைப்புறத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவில் துணி காயப்போடுகிற மாதிரி ஒரு கம்பி கட்டினால் போதும். 14 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 10 மீட்டர் நீளம், 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 20 மீட்டர். சார் வீட்டு மொட்டைமாடியில் அப்படித்தான் கட்டியிருக்கிறது. நான் அதைக் கொடிக்கம்பி என்றே நினைத்துக் குனிந்து போனேன்.

“கதை நடக்கிறது 1985 கோடை. அப்ப சூரியனே தூங்கிட்டிருந்துது” என்று இன்னொரு குறிப்பு. சூரியனில் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை கூடிக் குறையும். அவை கூடினால் சிற்றலை உலகம் சுற்றும், குறைந்தால் சோர்ந்துவிடும். 1986-ல் அது அடிமட்டத்தைத் தொட்டது. அதனால் டஸ்டினுக்குத் தொடர்பு கிடைத்தது அதிர்ஷ்டம்தான், அதுவும் வேண்டிய நேரத்தில் கச்சிதமாக.

என்னிடமும் ஒரு தப்பு ஸ்டாக் இருந்தது, எடுத்துவிட்டேன். அந்தப் பாட்டு முடிந்ததும் சூஸி, பெட்டகத்தைத் திறக்க பிளாங்க் மாறிலியின் மதிப்பைச் சொல்வாள், 6.62607004 என்று. அது 2014-ல் திருத்தி அறிவிக்கப்பட்ட மதிப்பு. 1985-ல் இயற்பியல் புத்தகத்தில் இருந்தது 6.626176. சூஸி ஜீனியஸ்தான், ஆனால் 29 வருடம் முன்கூட்டியே ஜீனியஸ். சார் சிரித்த சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் மரியாதை திரும்பக் கிடைத்தது.

சரி, நேர்மையாகச் சொல்லுங்கள். இதெல்லாம் தெரிந்துவிட்டதால் அந்தக் காட்சி உங்களுக்குப் பிடிக்காமல் போய்விடுமா? எனக்குப் போகவில்லை. அதையே சாரிடம் கேட்டேன். “சார், யதார்த்தமா எடுத்தா யார் பாப்பாங்க? ஒருத்தர் பேசி முடிச்சு, ‘ஓவர்’ சொல்லி, அடுத்தவர் ஆரம்பிச்சு... போர் அடிக்காதா?”

“அதுலதாம்மா கதையே இருக்கு” என்றார்.

அவர் சொன்னதை வைத்து யோசித்தால், நான் பார்த்த இன்னொரு தொடர் நினைவுக்கு வருகிறது. 2016-ல் வந்த கொரியத் தொடர் ‘சிக்னல்’. நிகழ்காலத்து இளைஞன் ஒருவனும் பல வருடங்களுக்கு முந்தைய போலீஸ்காரர் ஒருவரும் ஒரு பழைய வாக்கி டாக்கியில் பேசிக்கொள்வார்கள். அதில் பேட்டரியே கிடையாது. சுத்தமான மாயாஜாலம். ஆனால் அந்த ரேடியோ இரவு 11:23 ஆனால்தான் உயிர் பெறும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். முக்கியமான வார்த்தை பாதியில் நிற்கும். அடுத்து எப்போது கிடைக்கும் என்று தெரியாது. சாரிடம் சொன்னபோது அவர் கண் விரிந்தது. அவர் அந்தத் தொடரைப் பார்த்ததில்லை, ஆனால் அந்த அவஸ்தை அவருக்கு அத்துப்படி. சிற்றலையில் தினமும் நடப்பதே அதுதான். அந்தி சாயும் நேரத்தில் திடீரென்று ஒரு கதவு திறக்கும், தென் அமெரிக்கா பக்கத்து வீடு மாதிரி கேட்கும், 20 நிமிடத்தில் கதவு சாத்திக்கொள்ளும். நடுவில் மாட்டிய பேச்சு மாட்டியதுதான்.

2000-ல் வந்த ‘ஃபிரீக்வென்சி’ ஹாலிவுட் படமும் இதே வகை. 1969-ல் இருக்கும் அப்பாவும் 1999-ல் இருக்கும் மகனும் ஒரே ஹாம் ரேடியோவில் சந்திப்பார்கள், வானத்தில் துருவ ஒளி தெரிகிற இரவுகளில். அப்பாவின் அழைப்புக்குறி டபிள்யூ.2.க்யூ.ஒய்.வி. நியூயார்க்காரருக்கு 2 என்பது மிகச்சரி. இறந்துபோன அப்பாவோடு பேசுவது நடக்காத காரியம், அதை யாரும் தப்பு என்று சொல்வதில்லை. கதை எங்கே பொய் சொல்கிறது என்று முதலிலேயே நம்மிடம் சொல்லிவிடுகிறது, நாமும் ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம். பேசத் தெரிந்த இரண்டு ஆட்கள் பேசத் தெரியாத மாதிரிப் பேசும்போதுதான் உறுத்துகிறது.

கச்சிதமாகச் செய்தவர்களும் உண்டு. டிம் ஆலன் நடித்த ‘லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்’ அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் அவர் ஏற்ற பாத்திரம் ஒரு ஹாம். கொலராடோ மாநிலத்துக்காரர் என்பதால் அழைப்புக்குறியில் 0 வரும்படி கே.ஏ.0.எக்ஸ்.டி.டி. என்று வைத்தார்கள். தயாரிப்பாளர்களில் ஒருவரே ஹாம் என்பதால் வந்த அக்கறை இது. டிம் ஆலனும் நிஜமாகவே தேர்வு எழுதி உரிமம் வாங்கினார். அதற்கு நேரெதிர் கோடியில், பி.பி.சி.யில் 1961-லேயே ‘தி ரேடியோ ஹாம்’ என்று ஒரு காமெடி எபிசோடு வந்திருக்கிறது. டோனி ஹான்காக் நடித்தது. மூழ்கும் படகிலிருந்து உயிர்காக்கச் சொல்லி அழைப்பு வரும், நம்ம ஆள் ஒன்றுக்கும் உதவாமல் தடுமாறுவார். அன்றிலிருந்து திரையில் ஹாம் என்றால் ஒன்று வேலையற்ற கோமாளி, இல்லை இருட்டறையில் உட்கார்ந்த சதிகாரன்.

நம்ம ஊர்த் தொடர்கள் எடுத்துக்கொண்டது இரண்டாவது வகையை. இங்கேதான் சாரின் மெயிலுக்கு உண்மையான காரணம் வந்தது.

சில வருடங்களுக்கு முன்பு எதிர் ஃபிளாட்டில் ஒரு குடும்பம் புதிதாகக் குடிவந்தது. அந்த வாரம் ஏதோ ஒரு தொடரில் குண்டு வைக்கும் வில்லன் மொட்டைமாடி அறையில் வயர்லெஸ்ஸில் குசுகுசுவென்று பேசினானாம். இங்கே ஒரு மனிதர் விடியற்காலை நாலு மணிக்கு மாடிக்கு அடியில் உட்கார்ந்து, ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்துக் கூட்டிப் பேசுகிறார். போலீஸுக்குப் புகார் போய்விட்டது. வந்த காவலர் நல்லவர். உரிமத்தைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார், “சார், இதுல பேசுறத யார் வேணா கேக்கலாமா?” என்று கேட்டார். யார் வேண்டுமானாலும் என்றார் சார். “அப்ப எந்த முட்டாள் இதுல சதி பண்ணுவான்?” என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்.

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. நானும் சிரித்தேன். ஆன்ட்டி சிரிக்கவில்லை. “போலீஸ் ஜீப் நம்ம வாசல்ல நின்னத பாத்தவங்க எத்தன பேரு, திரும்பிப் போனத பாத்தவங்க எத்தன பேரு?” என்றார். ஃபிளாட் சங்கத்தில் பேச்சு எழுந்து, ஆறு மாதம் ஆன்டெனாவைக் கழற்றி வைத்திருந்தார்கள். அந்த ஆறு மாதம் இவர் அந்த அறைக்குள் போய் வெறும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று ஆன்ட்டி சொன்னபோது, சார் வரைபடத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

‘ரகசியமாகப் பேசிக்கொள்ள உதவும்’ என்று எழுதியது நான்தானே. அந்தப் புகார் கொடுத்தவர் என்னைப் போன்ற யாரோ எழுதியதைத்தான் படித்திருப்பார்.

இந்தத் துறையில் மட்டும்தான் இப்படியா என்றால், இல்லை. செஸ் பிரியர்கள் கொண்டாடும் ‘தி குயின்ஸ் காம்பிட்’ (2020) தொடருக்கு கேரி காஸ்பரோவே ஆலோசகர். பலகையில் ஒரு காய்கூடத் தப்பான இடத்தில் இருக்கக் கூடாது என்று அவ்வளவு சிரத்தை. ஆனால் கடைசி எபிசோடில், 1968 மாஸ்கோ போட்டியில், வர்ணனையாளர் ஒரு வரி சொல்வார். நோனா கப்ரிந்தாஷ்விலி பெண்கள் உலக சாம்பியன்தான், ஆனால் ஆண்களோடு ஆடியதே இல்லை என்று. நோனா கற்பனைப் பாத்திரம் அல்ல. ஜார்ஜியாவைச் சேர்ந்தவர், 1962 முதல் 1978 வரை உலக சாம்பியன், ‘கிராண்ட்மாஸ்டர்’ பட்டம் பெற்ற முதல் பெண். 1968-க்குள் குறைந்தது 59 ஆண்களோடு ஆடியிருக்கிறேன் என்று கணக்கோடு 2021-ல் வழக்குப் போட்டார். அப்போது அவருக்கு 80 வயது. மறு ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. மூல நாவலில் அந்த வரி அப்படி இல்லை, அதில் நோனா ஆண்களோடு ஆடி அனுபவப்பட்டவர். கதாநாயகியை உயர்த்துவதற்காக நிஜமான ஒரு கதாநாயகியை இறக்கிவிட்டார்கள். குதிரையை எங்கே வைப்பது என்று காஸ்பரோவைக் கேட்டவர்கள், அந்த வரியை யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

மருத்துவமனைக் காட்சிகளைச் சொல்லவே வேண்டாம். மானிட்டரில் கோடு நேராக ஓடும், டாக்டர் ஓடி வந்து நெஞ்சில் ஷாக் வைப்பார், நாயகன் எழுந்து நாயகியின் பெயரைச் சொல்வான். கோடு முழுசாக நேரானால் ஷாக் வேலை செய்யாது. துடிப்பு தாறுமாறாக இருக்கும்போது அதைச் சீராக்கத்தான் அந்தக் கருவி. 1996-லேயே அமெரிக்க மருத்துவர்கள் மூன்று டி.வி. தொடர்களை உட்கார்ந்து பார்த்து எண்ணியிருக்கிறார்கள். நெஞ்சை அழுத்தி உயிர்மீட்கும் காட்சிகளில் 75 சதவிகிதம் பேர் அந்த நேரத்தில் பிழைத்துவிடுகிறார்கள். நிஜத்தில் அதன் பக்கத்தில்கூட வராது. ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு டாக்டர் உண்மையைச் சொல்லும்போது, அவர்கள் மனதில் ஓடுவது அந்த 75 சதவிகிதம்தான்.

நம் ஊர் விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன், என் பாட்டி கோபித்துக்கொள்வாள். பாட்டி வீணை கற்றவள். சீரியலில் மருமகள் வீணை வாசிக்கும் காட்சி வந்தால் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுவாள். வலது கை தந்தியைத் தடவும், இடது கை மெட்டில் அசையாமல் கொலுப்பொம்மை மாதிரி கிடக்கும், பின்னணியில் கமகம் கொட்டும். “அந்தக் கை எங்கடி போச்சு?” என்பாள். அதே பாட்டி ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தை எத்தனை தடவை போட்டாலும் பார்ப்பாள். நாதஸ்வரம் வாசித்தது மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள், திரையில் சிவாஜி. அந்த விரலும் கன்னமும் மூச்சும் பொய் சொல்லாது. வாசிப்பவர் அவர் இல்லை என்று தெரிந்தும் வித்வான்கள் ஒப்புக்கொண்டார்கள்.

மறுபடி அந்தச் சின்ன அறைக்கு வருகிறேன். “அதுலதாம்மா கதையே இருக்கு” என்றாரே, அதற்குக் கதை கேட்டேன்.

2004 டிசம்பர். அந்தமானிலிருந்து ஹாம் ரேடியோ இயக்க அப்போது எளிதில் அனுமதி கிடைக்காது. பல வருடங்களாக அங்கிருந்து சத்தமே இல்லை. உலகத்து ஹாம்களுக்கு அந்தமான் கிடைக்காத அரிய தபால்தலை மாதிரி. அந்த மாதம் டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் ஒரு குழுவோடு அனுமதி பெற்று போர்ட் பிளேர் போய், வி.யூ.4.ஆர்.பி.ஐ. என்ற குறியில் நிலையம் இயக்கினார். உலகமே முண்டியடித்தது. ஒரே அலைவரிசையில் ஆயிரம் பேர் கத்தினால் எப்படி இருக்கும்? திருவிழாவில் தேர் வடம் பிடிக்க நெருக்குகிற மாதிரி. சார் மூன்று வாரம் முயன்றிருக்கிறார். பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் இது சிரமம். சிற்றலை நம் தலைக்கு மேலே தாவி ஐரோப்பாவில் போய் விழும். ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை.

26-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலை 6:29-க்கு சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடியில் பூகம்பம். அந்தமானும் நிகோபாரும் குலுங்கி, பிறகு கடல் உள்ளே வந்தது. தொலைபேசி போய்விட்டது. போர்ட் பிளேரில் இருந்த அந்தக் குழு, போட்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு உயிர்ச்செய்தி அனுப்பும் நிலையமாக மாறியது. யார் பிழைத்தார்கள், யாருக்கு என்ன வேண்டும் என்று தீவுகளிலிருந்து கரைக்குச் செய்திகள் போக ஆரம்பித்தன.

அன்று சார் ரேடியோவைத் திருப்பியபோது, மூன்று வாரமாகக் கிடைக்காத அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. கதவு திறந்திருந்தது. கூட்டம் இல்லை. பட்டனை அழுத்தித் தன் குறியைச் சொன்னால் போதும், பதில் வந்திருக்கலாம்.

“கை மைக்மேலதான் இருந்துச்சு. அமுக்கல” என்றார். அவசரச் செய்தி ஓடுகிற அலைவரிசையில் மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. கூப்பிட்டால் உதவ வேண்டும், கூப்பிடாவிட்டால் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். ஒருவர் தெரியாமல் அழுத்தினால்கூட அந்த நொடியில் ஒரு பெயர் அழிந்துபோகும். பாட்டில் ஒரு வரி போனால் பரவாயில்லை, பிழைத்தவர் பட்டியலில் ஒரு பெயர் போனால்? சார் அன்று இரவு வரை உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்த பெயர்களையெல்லாம், யாராவது கேட்டால் சொல்லலாம் என்று, தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டே இருந்தார். யாரும் கேட்கவில்லை. அந்தத் தாள்கள் இன்னும் இருக்கின்றன, ரப்பர் பேண்டு போட்டு. நான் பார்த்தேன். சில பெயர்களுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி.

“அன்னிக்கு நான் செஞ்ச உதவி, பட்டனை அமுக்காம இருந்ததுதான். இத எப்படிம்மா சீரியல்ல காட்டுவாங்க?”

எப்படிக் காட்டுவது என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் நான் பார்ப்பேன்.

2006-ல் போர்ட் பிளேரில் ஹாம்கள் கூடி மறுபடி நிலையம் இயக்கியபோது சாருக்குத் தொடர்பு கிடைத்தது. உறுதி செய்யும் அட்டை தபாலில் வந்தது. அதைச் சுவரில் மாட்டியிருக்கிறார், ஆனால் காலண்டர் தாள்களைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்.

கிளம்பும்போது டஸ்டினுக்காக ஒரு கடைசிக் கேள்வி கேட்டேன். “காதலர்கள் ரேடியோல என்னதான் சார் சொல்லிப்பாங்க, பாட்டும் கூடாதுன்னா?” சார் தயங்கினார். ஆன்ட்டி உள்ளே இருந்தே குரல் கொடுத்தார். “எண்பத்தெட்டு!” 73 வாழ்த்து என்றால், 88 அன்பு முத்தங்கள். மோர்ஸில் அடித்தால் மூன்று கோடு, இரண்டு புள்ளி, மறுபடி மூன்று கோடு, இரண்டு புள்ளி. கல்யாணமான புதிதில் இவர் சமையலறைச் சுவரைத் தட்டுவாராம். “நான் கரப்பான் அடிக்கிறார்னு நெனச்சேன்” என்றார் ஆன்ட்டி.

இந்தக் கட்டுரையைப் பிரசுரத்துக்கு முன்னால் சாருக்கு அனுப்பினேன், இன்னொரு முறை தப்பு விடக் கூடாது என்று. இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார், திருத்திவிட்டேன். பெயரும் அழைப்புக்குறியும் போட வேண்டாம் என்றார், எதிர் ஃபிளாட்காரரும் நம் வாசகராம். மெயிலின் கடைசியில் இந்த முறை 73 இல்லை.

“ஓவர்” என்று மட்டும் இருந்தது.